நானூறு வந்தால் பாதி

நானூறு வந்தால் பாதி. பாதி என்றால் பூச்சியம், புள்ளி, ஐந்து, பூச்சியம். ரெஜின் எனக்காகக் கொட்டை எழுத்தில் தாளில் எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான். மூன்று மணிக்குப் போனான், இப்போது நாலடிக்க ஐந்து நிமிடம். அவன் போன் சாப்பாட்டு மேசையில் சர்க்கரை டப்பாவில் சாய்ந்து நிற்கிறது, சார்ஜர் வயர் என் மடியில் கிடக்கிறது. நூற்று எண்பத்திரண்டு. நூற்று எண்பத்தைந்து. நூற்று எழுபத்தொன்பது. நீலம். நீலம் என்றால் நமக்கு வருவது, சிவப்பு என்றால் நம்மிடமிருந்து போவது, அவ்வளவுதாம்மா, வேற ஒண்ணும் நீ பாக்கவேண்டாம் என்றான். நான் வேறொன்றும் பார்க்கவில்லை. ஒரு மணி நேரமாக இமைக்காமல் பார்த்து கண்ணிலிருந்து நீர் வடிகிறது, அழுகை இல்லை, வெறும் நீர். காலையில் டாலரைக் கொடுத்து யூரோ வாங்கியிருக்கிறானாம். அந்த யூரோவை அவன் கண்ணால் கண்டதில்லை, நானும் கண்டதில்லை, அது எந்தப் பெட்டியில் இருக்கிறதோ, இருக்கிறதோ இல்லையோ, ஆனால் அதன் விலை ஏறினால் இந்த இலக்கம் ஏறும், இறங்கினால் இறங்கும், எண்ணூறு சிவப்பு வந்தால் மெஷினே முழுவதையும் விற்று அறுத்துவிடும். “மெஷினே அறுக்கும்னா மேல வந்தா அறுக்கவும் அதுகிட்டயே சொல்லிட்டுப் போக வேண்டியதுதானே மக்கா?” என்று கேட்டேன். “ஒரே ஆர்டராப் போட்டுட்டேம்மா. முழுசா அறுக்கத்தான் அதுக்குத் தெரியும். பாதி பாதியா அறுக்கணும்னா ஆள் வேணும்.” ஆள் என்றால் நான். எட்டாம் கிளாஸ் படித்த நான். சார்ஜாவில் ஏழாவது மாடியில் மகன் வீட்டில் மூன்று மாத விசிட் விசாவில் வந்து உட்கார்ந்திருக்கிற நான்.

துறைமுகத்துக்குள்ளே ஏதோ கம்பெனி, இன்டர்வியூ, கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், ஐந்து மணிக்குத்தான் விடுவார்கள் என்றான். சட்டையை நான்தான் தேய்த்துக் கொடுத்தேன், வெளிர் நீலம், காலர் இரண்டு முறை. லிஃப்ட் கதவு மூடுகிறவரை வாசலில் நின்று ஸ்தோத்திரம் சொன்னேன். இருநூற்றுப் பதினொன்று. பாதி எடுத்த பிறகு இன்னொரு வேலை இருக்கிறது, தாளில் இரண்டாவது வரி, மீதிப் பாதிக்கு வாங்கின விலையிலேயே ஒரு தடை போட வேண்டும், ஒன்று, புள்ளி, பூச்சியம், எட்டு, நாலு, பூச்சியம். போட்டுவிட்டால் விலை திரும்பி வந்தாலும் அந்த இடத்தில் நின்றுவிடும், நமக்கு நஷ்டம் கிடையாது. பிறகு மறுபடி நானூறு வந்தால் மீதியில் பாதி. கடைசிக் கால் பங்கு கிடக்கட்டும், அது எங்கே போகிறதோ போகட்டும். “முழுசையும் ஒரேயடியா எடுத்துக்கிட்டா என்ன?” என்றேன். “எடுத்தா அதுக்கு மேல போறது போச்சு.” “எடுக்காம விட்டா?” “திரும்பினா வந்ததும் போச்சு. அதாம்மா பாதி. பாதிய எடுத்து உள்ள வச்சாச்சுன்னா மனசு நிக்கும். நிம்மதியா இருக்கலாம்.” நிம்மதி என்று சொல்லும்போது அவன் கண் இரண்டும் சிவந்து கிடந்தது. நாலு மாதமாக அவன் வாயில் அந்தச் சொல் வந்ததில்லை. ஜனவரியில் கம்பெனியை மூடினார்கள், ஒன்பது வருஷக் கணக்கெழுத்து வேலை, முடித்துக் கொடுத்த பணம் பதினோராயிரம் டாலர். அது பேங்கில் டெபாசிட்டில் கிடக்கிறது என்றுதான் மருமகள் அபிஷா நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், பன்னிரண்டு மணி நேர டியூட்டி, காலில் நீர் கோத்து வருவாள், வந்ததும் “மாமி சாப்ட்டியளா” என்பாள், நான் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் தட்டை எடுத்து வைப்பேன். அந்தப் பதினோராயிரம் இதில் கரைந்து, இப்போது இந்தப் போன் கண்ணாடியின் மேல் ஓரத்தில் நிற்கிறது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. முந்தாநாள்தான் என்னிடம் சொன்னான், வாஷிங் மெஷின் ஓடுகிற சத்தத்தில், குனிந்துகொண்டே. இது ரெண்டாயிரத்தைந்நூறு ஆகட்டும்மா, அன்னைக்கே அவகிட்ட நானே சொல்லிருவேன். இதுவும் போய்விட்டால்? இருநூற்று நாற்பது.

பாதி என்ற சொல்லே எனக்குப் பயம். இதை ரெஜினிடம் சொன்னால் சிரிப்பான். கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் பதினெட்டு வருஷம் அண்டி ஆபீஸில் பருப்பு உடைத்தவள் நான். வறுத்த முந்திரிக்கொட்டையைக் கட்டையில் வைத்து ஒரு தட்டு, ஒரே தட்டு, ஓடு விலகணும், பருப்பு விலகக்கூடாது. முழுப்பருப்புக்கு ஒரு விலை, இரண்டாய்ப் பிளந்துவிட்டால் அதற்கு வேறு டப்பா, வேறு விலை, மேஸ்திரியின் வேறு முகம். “இன்னைக்குப் பிளவு கூடுதலா இருக்கே, வீட்ல சண்டையா?” என்பார். கைக்கு அது ஊறிப் போய்விட்டது, எதையும் முழுசாக விட வேண்டும், அப்பளத்தைக்கூட முழுசாகப் பொரித்து முழுசாக வைப்பேன். இப்போது இந்த வயதில் என் கையால் ஒன்றைப் பாதியாய்ப் பிளக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறான். பிளந்தால்தான் நல்லது என்கிறான். பெருவிரலை நீட்டிப் பார்க்கிறேன். கொட்டையின் எண்ணெய்ச் சூடு பட்ட பழைய கறுப்பு நகத்தோரத்தில் இன்னும் லேசாய் இருக்கிறது. சிலசமயம் என் விரலைக் கண்ணாடி ஏற்பதே இல்லை, தேய்ந்த தோல், இரண்டு முறை மூன்று முறை அமுக்க வேண்டும், நேரத்துக்கு அது ஏற்காமல் போனால்? பாவாடையில் துடைத்தேன். நைட்டியில் துடைத்தேன். முன்னூற்று இரண்டு. ஐயோ, முன்னூறு தாண்டிவிட்டது. எப்போது தாண்டியது? நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்.

என் போன் அடித்தது. ரெஜின் போன் அல்ல, என் போன், அடுப்படியில் கிடந்தது. எழும்பிப் போவதா? வயர் மடியில் சுற்றிக்கொண்டது. மேசையையும் பார்த்துக்கொண்டு பின்பக்கமாகவே நடந்து போய் எடுத்தேன். மார்த்தாண்டத்திலிருந்து ஷைனி, என் மகள். “எம்மா, சார்ஜாவுக்குப் போனதும் பெரிய மேடமாயிட்ட, போன எடுக்க ஒரு மணியாவுது உனக்கு!” “சொல்லு மக்ளே.” “என்ன சொல்லு மக்ளேன்னு முனங்குற, வயிறு சரியில்லியா?” “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல.” முன்னூற்று முப்பது. “அண்ணன் போயாச்சா?” “போயாச்சு.” “ஜெபம் பண்ணினியா?” “பண்ணிட்டுத்தான் இருக்கேன்.” “நல்லாக் கண்ண மூடி உக்காந்து பண்ணு. நீ கேட்டா ஆண்டவர் மறுக்கவா போறாரு. எனக்கு நல்ல மாமியாரக் கேளுன்னு சொன்னேன், அதுக்கு மட்டும் உன் கண்ணு திறந்து கிடந்திருக்கு.” அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன், எனக்கே அந்தச் சத்தம் யாருடையதோ போல இருந்தது. முன்னூற்று அறுபத்தெட்டு. “எம்மா, அழுறியா?” “இல்ல பிள்ளே, வெங்காயம்.” “இந்நேரம் என்ன வெங்காயம்?” “வைக்கட்டா, அப்புறம் கூப்பிடுதேன்.” வைத்தேன். வெங்காயம் என்று பொய் சொல்லிவிட்டேன், ஆண்டவரே, ஒரு இலக்கத்துக்காகப் பெற்ற மகளிடம் பொய். முன்னூற்று எண்பத்தொன்று. உட்கார்ந்தேன். தாளைப் பக்கத்தில் வைத்தேன். இலக்கத்தின் மேல் விரலை வைத்து அமுக்கிப் பிடித்தால் ஒரு பட்டியல் வரும், அதில் முதலாவது, அதை அமுக்கினால் அளவு கேட்கும், ஒன்று என்று இருப்பதை அழித்துவிட்டுப் பூச்சியம் புள்ளி ஐந்து பூச்சியம். அழிக்காமல் அமுக்கிவிட்டால் முழுசும் போய்விடும், பாத்துக்கம்மா. முன்னூற்றுத் தொண்ணூற்றொன்று. தொண்ணூற்றாறு. அப்போது நான் கண்ணை மூடினேன்.

யாரும் சொல்லி மூடவில்லை. மூட வேண்டும் என்று நினைத்தும் மூடவில்லை. கை குவிந்தால் கண் மூடும், ஐந்து வயதிலிருந்து அப்படித்தான். ஆண்டவரே என்று தொடங்கிவிட்டால் முடிக்காமல் திறக்க எனக்குத் தெரியாது. சண்டே கிளாஸில் ஒருநாள் பாதி ஜெபத்தில் திறந்துவிட்டேன். இருபது பிள்ளைகளும் கண்ணை மூடி வாயைத் திறந்து வரிசையாய் உட்கார்ந்திருந்த முகங்களைப் பார்த்தால், எல்லாரும் செத்துப்போய் நான் மட்டும் இருக்கிறதுபோல இருந்தது. ரோஸ்லின் டீச்சரும் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அன்று அடித்த அடியில்லை, அந்தப் பார்வை, அதற்குப் பிறகு நான் திறந்ததே இல்லை. நாகர்கோவில் ஆஸ்பத்திரியில் ரெஜினின் அப்பாவுக்கு மூச்சு இழுத்தபோதும் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடி நின்றேன், கேட்டுக்கொண்டே நின்றேன், கேட்டு முடிக்கவில்லை, நர்ஸ் தோளைத் தொட்டு “அம்மா, கண்ணத் திறங்க” என்றாள். “கடைசியா உங்களத்தான் தேடிப் பாத்தாரு” என்றும் சொன்னாள், நல்லதென்று நினைத்துத்தான் சொல்லியிருப்பாள். பன்னிரண்டு வருஷமாயிற்று. இப்போது யாரும் தோளைத் தொடவில்லை. நானாகவே ஆமென் சொல்லித் திறந்தேன். முன்னூற்று ஐம்பத்திரண்டு. நல்லதுதான், இன்னும் வரவில்லை, தப்பித்தோம் என்று ஒரு நொடி நினைத்தேன். பிறகு இலக்கத்துக்குப் பக்கத்தில் ஓடுகிற விலைப் படத்தைப் பார்த்தேன், அந்த மெழுகுவர்த்திபோல நிற்கிற கோடுகளை, ரெஜின் நானூறுக்கு நேராக ஒரு புள்ளிக்கோடு போட்டு வைத்திருந்தான். கடைசி மெழுகுவர்த்தியின் திரி அந்தக் கோட்டைத் தாண்டி மேலே போய்விட்டு வந்திருந்தது. திரி மட்டும். நான் கண்ணை மூடியிருந்த நேரத்தில் அது மேலே போய், கொஞ்சம் நின்று, என்னைப் பார்த்துவிட்டு, திரும்பிவிட்டது.

முன்னூற்று இருபது. இப்போதே எடுத்துவிடலாமா? தாளில் நானூறு என்றுதானே இருக்கிறது. நீ யோசிக்காதம்மா, எழுதினத மட்டும் செய், சந்தையில யோசிச்சவன்தான் கெட்டான். இருநூற்று எண்பது. எழுதினது வந்துவிட்டுப் போய்விட்டதே, இனி எழுதினது எது? மறுபடி வரும். வரும், வரும். இருநூற்றுப் பத்து. நூற்று நாற்பது. எவ்வளவு நேரம் மூடியிருந்தேன்? ஆண்டவரே என் மகனுக்கு இரங்கும் என்று மட்டும் சொல்லியிருந்தால் மூன்று மூச்சு, திறந்திருப்பேன். நான் அதோடு நிறுத்தவில்லை. இது எனக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும். நானூறு கேட்கவில்லை நான். ஐந்நூறு கேட்டேன். இவ்வளவு தூரம் கொண்டுவந்தீரே, ஐந்நூறாய்த் தாரும், அந்த நூறு அபிஷா கையில் ஒரு நல்ல செருப்புக்கு ஆகட்டும் என்று கேட்டேன். அதைக் கேட்டு முடிக்கிற நேரத்தில்தான் போயிற்று. உனக்குப் பேராசை கிடையாதும்மா, சொன்னா சொன்னபடி செய்வே, அதனாலதான் உங்கிட்டக் குடுக்கேன் என்று போகும்போது என் கையில் போனை வைத்தானே. தொண்ணூறு. முப்பத்தைந்து. மூன்று. சிவப்பு. சிவப்பு வந்துவிட்டது, கழித்தல் கோடு முன்னால் முளைத்துவிட்டது. கழித்தல் இருபது. கழித்தல் அறுபது. நாலரைக்கு அமெரிக்காவில் ஏதோ விலைவாசிக் கணக்கு வெளியே விடுவார்கள், அப்போது துள்ளும், பயப்படாதே என்றும் சொல்லியிருந்தான். மணி நாலு இருபத்தாறு. ஜெபிக்க வாய் வருகிறது, கண்ணை மூட முடியவில்லை. கண்ணைத் திறந்துகொண்டு ஜெபித்தால் அது ஜெபமாகுமா? வார்த்தை பல்லில் இடித்துக்கொண்டு நிற்கிறது. உட்காரவும் முடியவில்லை. வயரைப் பிடுங்கி, போனை எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனேன்.

ஏழாவது மாடியிலிருந்து பார்த்தால் எதிரே பள்ளிவாசல், அதன் மதிலோரம் குளிர்ந்த தண்ணீர்க் குழாய்கள், நாலைந்து பேர் பாட்டிலில் பிடித்துக்கொண்டிருப்பார்கள், பக்கத்தில் மணல் பார்க்கிங். மதில் நிழலில் ஒருவன் சிமெண்டுக் கட்டையில் உட்கார்ந்திருந்தான், மடியில் ஒரு ஃபைல். வெளிர் நீலச் சட்டை. சார்ஜாவில் வெளிர் நீலச் சட்டைக்கா பஞ்சம் என்று மனம் சொன்னது. வயிறு சொல்லவில்லை. தலையை இடது பக்கம் சாய்த்து உட்காருகிற உட்கார்வு, மூன்று வயதிலிருந்து அப்படித்தான் உட்காருவான். ரெஜின். துறைமுகத்துக்குள்ளே இன்டர்வியூவில் இருக்க வேண்டியவன். முதலில் நினைத்தது, வேலை கிடைக்கவில்லை, சீக்கிரம் அனுப்பிவிட்டார்கள். அனுப்பியிருந்தால் மேலே வந்திருப்பானே. போன் இங்கே கிடக்கிறது, என்ன ஆயிற்றென்று ஓடி வந்திருப்பானே. வரவில்லை. நிமிர்ந்தும் பார்க்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கி உட்கார்ந்திருக்கிறான், கை ஓடிப்போய்விடும் என்பதுபோல. எவ்வளவு நேரமாய்? மூன்று மணியிலிருந்தா? கழித்தல் எழுபது. வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. டீ கொண்டுபோனபோது இதே கண்ணாடியில் அறுநூற்று நாற்பது நீலம். பெருவிரலை அதற்கு மேலே தூக்கிப் பிடித்திருந்தான், ஒரு நெல் அளவு இடைவெளி, விரல் இறங்கவில்லை. “என்ன மக்கா?” “பேசாதம்மா.” நான் பாத்திரம் கழுவிவிட்டு வந்தபோதும் அதே விரல், அதே இடைவெளி, கண்ணாடியில் சிவப்பு. ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தான். எனக்கு அன்று ஒன்றும் விளங்கவில்லை. இன்டர்வியூ இல்லை. கேட்டில் போன் வாங்கி வைக்கிற கம்பெனி இல்லை. என் மகனுக்கு அதை அமுக்க முடியவில்லை. நீலத்திலும் முடியவில்லை, சிவப்பிலும் முடியவில்லை. பதினோராயிரமும் அப்படித்தான் போயிருக்கிறது. அமுக்குகிற ஆளாக என்னைப் பார்த்து வைத்துவிட்டு, கீழே போய்க் கையின் மேல் உட்கார்ந்திருக்கிறான்.

கூப்பிடலாமா? ஜன்னல் திறக்காது, திறந்தாலும் சத்தம் எட்டாது. இறங்கிப் போகலாமா? லிஃப்டுக்குள்ளே சிக்னல் கிடையாது. அந்த இரண்டு நிமிடத்தில் எண்ணூறு சிவப்பு வந்து முழுசும் அறுந்துவிட்டால்? போனை இங்கேயே போட்டுவிட்டுப் போனால்? ஒரு கண் கீழே, ஒரு கண் கையில். இவன் இப்போது எழும்பி எங்காவது நடந்துவிட்டால் எந்த ரோட்டில் போய்த் தேடுவேன், எனக்கு இந்த ஊரில் சூப்பர் மார்க்கெட்டும் ஆராதனைக்குப் போகிற வழியும் தவிர ஒன்றும் தெரியாது. அவனுக்கு முப்பத்தாறு வயது. எழும்பாதே மக்கா. எழும்பாதே. மணி நாலரை. இலக்கம் குதித்தது. கழித்தல் நூற்றிருபது, கழித்தல் முன்னூற்றுப் பத்து, வாயிலிருந்து ஐயோ என்று சத்தமாகவே வந்துவிட்டது, கழித்தல் இருநூறு, கழித்தல் நாற்பது, கோடு போய்விட்டது, நீலம், எண்பது, நூற்றெழுபது, யாரோ கயிற்றைப் பிடித்து இழுப்பதுபோல ஏறுகிறது, இருநூற்று முப்பது, இருநூற்று இருபத்தெட்டு, இருநூற்று ஐம்பது. நின்றது. நின்று மூச்சு வாங்குகிறது. நானூறு வந்தால் பாதி. நானூறு வருமா? தாளை எழுதினவன் கீழே மதிலோரம் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்கே தெரியாததை எழுதி என்னிடம் கொடுத்திருக்கிறான். ஐந்நூறு கேட்டவள் நான். இப்போது எதையும் கேட்கவில்லை. இலக்கத்தின் மேல் விரலை அமுக்கிப் பிடித்தேன். ஏற்கவில்லை. துடைத்தேன், அமுக்கினேன். பட்டியல் வந்தது. முதலாவது. ஒன்று என்றிருந்ததை அழித்தேன். பூச்சியம். புள்ளி. ஐந்து. பூச்சியம். மஞ்சள் நிறத்தில் ஒரு பட்டை வந்து காத்துக்கொண்டு நிற்கிறது. விரல் அதற்கு மேலே நிற்கிறது. ஒரு நெல் அளவு. இறங்க மறுக்கிறது. இது என்னது, என் விரல்தானே? இன்னும் பத்து ஏறட்டும் என்கிறது விரல். இறங்கிவிட்டால் என்ன செய்வாய் என்கிறது. இரண்டும் ஒரே விரல்தான் சொல்கிறது. இப்படித்தானா மக்கா இருந்தது உனக்கு, ஒவ்வொரு நாளும், தனியாய், நான் பக்கத்து அறையில் பைபிளில் சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்தபோது? கண் தானாக மூட வந்தது. மூடவில்லை. பருப்பை உடைக்கிறதுபோல ஒரே தட்டு தட்டினேன்.

டக் என்று ஒரு சத்தம். இருநூற்று அறுபத்திரண்டு மறைந்தது. அந்த இடத்தில் நூற்று முப்பத்தொன்று. பாதி போய்விட்டது! ஜன்னல் கட்டையைப் பிடித்தேன். கெடுத்துவிட்டேன், எதையோ தப்பாக அமுக்கிவிட்டேன், நூற்று முப்பத்தொன்றைத் தின்றுவிட்டது. பிளந்த பருப்புக்கு வேறு விலை. ஒரு நிமிடமாகியிருக்கும், மேல் ஓரத்தைப் பார்க்கத் தோன்றியது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது அங்கே இல்லை. இரண்டாயிரத்துத் தொண்ணூற்றொன்று. விரல்விட்டுக் கூட்டிப் பார்த்தேன், மறுபடி கூட்டினேன். போகவில்லை. உள்ளே வைத்தாயிற்று. வெளியே மீதிப் பாதி நிற்கிறது, அதனால் இலக்கமும் பாதியாகத் தெரிகிறது. இதை எழுதவில்லை பார் அவன், அம்மா பயப்படுவாள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். இரண்டாவது வரி. ஒன்று, புள்ளி, பூச்சியம், எட்டு, நாலு, பூச்சியம். ஒவ்வொரு இலக்கமாய்த் தாளைப் பார்த்துப் பார்த்துப் போட்டேன், நாலு வர வேண்டிய இடத்தில் ஐந்து விழுந்தது, அழித்துவிட்டு மறுபடி. ஏற்றுக்கொண்டது. இனி எங்கே திரும்பினாலும் வாங்கின விலையில் நின்றுவிடும். போனை நைட்டிப் பையில் போட்டேன், துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டேன், கதவைப் பூட்டினேனா இல்லையா தெரியவில்லை. லிஃப்டில் கண்ணாடிக்கு எதிரே ஒரு வயதான பொம்பிளை வாயைத் திறந்தபடி நின்றாள், நான்தான்.

வெளியே வெயில் முகத்தில் அறைந்தது. ரோட்டைக் குறுக்காகக் கடந்தேன், ஒருவன் ஹார்ன் அடித்தான். ரெஜின் நிமிர்ந்தான். எழும்பவில்லை. பக்கத்தில் போய் அந்தக் கட்டையில் உட்கார்ந்தேன். சூடு. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் தண்ணீர் பிடிக்கிறவர்களையே பார்த்தோம். “போயிட்டா?” என்றான். “இல்ல.” “நானூறு வந்துதா?” “வந்துது. நா கண்ண மூடிட்டேன் மக்கா. ஜெபத்துல இருந்தேன். தெறந்தப்பம் போயிட்டுது.” அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். திட்டுவான் என்று நினைத்தேன். “பொறவு?” “இருநூத்தி அறுபத்திரண்டுல பாதி எடுத்தேன். நீ எழுதினபடி இல்ல. தடையும் போட்டேன்.” “நீயா போட்ட?” “பின்ன யாரு, உன் கம்பெனிக்காரனா வந்து போட்டான்?” அவன் வாய் கோணியது, சிரிப்பா அழுகையா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. “இன்டர்வியூ இல்லம்மா” என்றான். “தெரியும்.” “அபிஷாகிட்ட...” “அத நீதான் சொல்லணும். இன்னைக்கு. ரெண்டாயிரத்தைந்நூறு ஆன பொறவு இல்ல.” பையிலிருந்து போனை எடுத்து அவன் மடியில், ஃபைலின் மேல் வைத்தேன். நூற்று நாற்பத்தெட்டு, நீலம். “மீதில பாதிய நீ எடு.” “நானூறு வரட்டும்மா. விதி அதுதான்.” “சரி, விதி அது. நீ எடு.” தொடைக்கு அடியிலிருந்து கையை எடுத்தான். உள்ளங்கையில் சிமெண்டுப் பொடி ஒட்டியிருந்தது. பட்டியல், அழித்தல், பூச்சியம் புள்ளி இரண்டு ஐந்து. என்னைவிட எத்தனை வேகம். மஞ்சள் பட்டை வந்ததும் விரல் நின்றது. பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தக் கையைப் பிடித்து அமுக்கிவிட எனக்கு எத்தனை நேரமாகும். பிடிக்கவில்லை. என் இரண்டு கையையும் முழங்காலில் வைத்திருந்தேன். நூற்று நாற்பத்தொன்று. “இறங்குதும்மா.” “இறங்கட்டும்.” “கொஞ்சம் பொறுத்தா...” “பொறுக்கலாம். நா இங்கதான் இருக்கேன்.” தண்ணீர் பிடித்த ஒருவன் பாட்டிலை மூடிவிட்டு நடந்தான். நூற்று முப்பத்தாறு. டக். அவன் தோள் கீழே இறங்கியது, ஒரு மூட்டையை இறக்கிவைத்தாற்போல. மூக்கை உறிஞ்சினான். “கால்வாசி கிடக்கு” என்றான். “கிடக்கட்டும். எழும்பு மக்கா, மேல போவோம்.” சொல்லிவிட்டேனே தவிர எனக்கு எழும்ப வரவில்லை. கட்டையில் கை ஊன்றிப் பார்த்தேன், மறுபடி உட்கார்ந்துவிட்டேன். “எம்மா, என்ன?” என்று எழும்பி ஒரு கையை நீட்டினான். ஒரு கை போதவில்லை. இலக்கம் எத்தனையில் நின்றதோ, அவன் பார்க்கவில்லை. போனைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, இரண்டு கையையும் நீட்டினான்.